ஆதாரில் பெயர், பாலினம் மாற்ற முதலில் எங்கே போவது? (தங்கச்சிமடம், திருநங்கை, வயது 23)

உப்புக்காற்று
2024 செப்டம்பர் 9

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கைக்காகக் கேட்கிறேன். திருநங்கை, வயது 23. ஊர் தங்கச்சிமடம், கருவாட்டுக் கொட்டகையில் வேலை. ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பான், பத்தாவது மார்க் ஷீட் எல்லாவற்றிலும் பழைய பெயர், ‘ஆண்’. புதுப் பெயர் வைத்து 3 வருஷம் ஆகிறது. அறுவை செய்யவில்லை. அரசு மருத்துவமனையில் ஒரு வருஷமாக ஹார்மோன் சிகிச்சை நடக்கிறது.

ஆதார் மையத்தில் கேட்டால், “50 ரூபாய் கட்டுங்க, பெண்ணுன்னு இப்பவே மாத்திரலாம்” என்கிறார்கள். மாற்றிவிடலாமா? அறுவை செய்யாமல் கலெக்டர் சான்றிதழ் கிடைக்குமா? இன்னொன்று, போன மார்ச்சிலிருந்து ஜூலை வரை மதுரையில் ஜமாத்தில் (திருநங்கைகள் சேர்ந்து வாழும் வீடு) தங்கியிருந்தாள். எந்த மாவட்டத்தில் போடுவது? இனிஷியலையும் குரு அம்மா (ஜமாத்தில் அவளை மகளாக ஏற்ற மூத்த திருநங்கை) பெயருக்கு மாற்ற ஆசைப்படுகிறாள். விவரம் தெரிந்தவர்கள் வரிசையாகச் சொன்னால் பெரிய உதவி.


முத்திரைத்தாள்
2024 செப்டம்பர் 9

அந்த 50 ரூபாயை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். முதலில் கலெக்டர் சான்றிதழ், ஆதாருக்குப் போக வேண்டியது இரண்டாவதாக.

ஆதாரில் பெயரை 2 தடவை மாற்றலாம். பாலினத்தை 1 தடவைதான், பிறந்த தேதியும் அப்படியே. இப்போது அவசரப்பட்டு ‘பெண்’ என்று மாற்றிவிட்டு, அப்புறம் கலெக்டரிடம் வாங்கும் சான்றிதழில் ‘திருநர்’ (திருநங்கை, திருநம்பி எல்லாருக்கும் பொதுச் சொல்) என்று வந்தால் இரண்டு தாளும் ஒன்றையொன்று இடிக்கும். அந்த ஒரு வாய்ப்பும் தீர்ந்திருக்கும். அதற்குப் பிறகு மாற்ற வேண்டுமென்றால் மையத்தில் பதிந்து, ‘வரம்பு தாண்டிவிட்டது’ என்று நிராகரிப்பு வந்து, அந்த ரசீதோடு ஆதார் உதவி எண் 1947க்கு அழைத்து மண்டல அலுவலகத்தின் தனி அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். முடியாதது இல்லை. ஆனால் அந்த அலைச்சல் தேவையே இல்லாதது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அலுவலகத்தில் நின்று பேச இது வேண்டும். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) தொடுத்த வழக்கில், தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு 2019இல் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும், 2020 செப்டம்பரில் அதன் விதிகளும் வந்தன. அந்தச் சட்டத்தில் இரண்டு தனித்தனிச் சான்றிதழ் இருக்கிறது. முக்கால்வாசிக் குழப்பம் இங்கேதான்.

பிரிவு 6இன் கீழ் தருவது ‘திருநர்’ என்ற அடையாளச் சான்றிதழ். இதற்கு உறுதிமொழிப் பத்திரம் போதும். மருத்துவப் பரிசோதனையோ உடல் பரிசோதனையோ இல்லாமல்தான் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2020 விதியிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே தங்கைக்கு அறுவை நடக்கவில்லை என்பது ஒரு தடையே இல்லை.

பிரிவு 7இன் கீழ் தருவது திருத்திய சான்றிதழ். அதில்தான் ‘பெண்’ அல்லது ‘ஆண்’ என்று வரும். அதற்கு மருத்துவமனையின் கண்காணிப்பாளர் அல்லது தலைமை மருத்துவ அலுவலர் கையெழுத்திட்ட சான்று வேண்டும்.

முதலில் 6ஐ வாங்குங்கள். விண்ணப்பம் திருநர்களுக்கான தேசிய இணையதளத்தில் (டிரான்ஸ்ஜெண்டர் டாட் டோஸ்ஜே டாட் கவ் டாட் இன்). கட்டணம் கிடையாது. யாராவது காசு கேட்டால் அது அவர்களுடைய கூலி, அரசுக் கட்டணம் இல்லை. செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் கொடுத்துப் பதிவு செய்து, படிவம் 1ஐ நிரப்ப வேண்டும். படிவம் 2தான் உறுதிமொழிப் பத்திரம். முத்திரைத்தாளில் அடித்து நோட்டரி கையெழுத்தும் முத்திரையும் வாங்கி ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். அதன் உயிர்வரி ஒன்றே ஒன்றுதான்: ‘பிறப்பின்போது எனக்குக் குறிக்கப்பட்ட பாலினத்தோடு பொருந்தாத திருநராக என்னை நான் உணர்கிறேன்’ என்ற பொருளில் வரும் வாக்கியம். சில டைப்பிங் சென்டரில் வழக்கமான பெயர் மாற்றப் பத்திரத்தை எடுத்து, பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். அதில் இந்த வரி இருக்காது, விண்ணப்பம் திரும்பி வரும். படிவம் 2ஐ அச்செடுத்துக் கையில் கொண்டுபோய், அதில் உள்ளபடியே அடிக்கச் சொல்லுங்கள்.

புகைப்படம் இப்போதைய தோற்றத்தில் இருக்கட்டும். பழைய ஆதாரில் இருக்கிற முகத்துக்கு ஒத்துப்போக வேண்டும் என்று முடியை இழுத்துக் கட்டி எடுக்க வேண்டியதில்லை. சான்றிதழில் வரப்போவது இந்தப் படம்தான், காலத்துக்கும் கூட வரும்.

எந்த மாவட்டம் என்ற கேள்விக்கு: விண்ணப்பிக்கும் தேதியில் தொடர்ந்து 12 மாதம் குடியிருக்கும் மாவட்டத்தின் கலெக்டரிடம்தான் போட வேண்டும். ஆதாரும் ரேஷன் கார்டும் தங்கச்சிமடம் முகவரியில் இருக்கிறதே, ராமநாதபுரத்திலேயே போடுங்கள். 4 மாதம் மதுரையில் தங்கியதை வைத்து வீட்டு முகவரி மாறிவிடாது. ஆனால் ‘தற்போதைய முகவரி’ என்ற இடத்தில் மதுரை ஜமாத் முகவரியையும் ‘நிரந்தர முகவரி’யில் தங்கச்சிமடத்தையும் போட்டுவிடாதீர்கள். இரண்டு மாவட்டத்திலும் எங்கள் ஆள் இல்லை என்பார்கள்.

போட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் சான்றிதழ் தர வேண்டும். இடையில் வி.ஏ.ஓ. மூலம் குடியிருப்பு விசாரணை வரலாம். அது முகவரியைப் பற்றி மட்டும்தான். டாக்டர் சீட்டு கேட்டால், பரிசோதனை தேவையில்லை என்ற விதியை அச்செடுத்து மரியாதையாகக் காட்டுங்கள். பெரும்பாலும் தெரியாமல் கேட்பார்கள், காட்டினால் புரிந்துகொள்வார்கள். 30 நாள் தாண்டினால் விண்ணப்ப எண்ணோடு மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் பட்டணம்காத்தான் கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மறுத்துவிட்டால், தகவல் வந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் மேல்முறையீடு. வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசம், 15100 எண்ணில் அழைக்கலாம். ரிட் (அரசு அலுவலகத்துக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) வரை போனால் நமக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை.

திருநங்கையர் நல வாரிய அட்டை இருக்கிறதா? அதையும் இந்தச் சான்றிதழையும் ஒன்றென்று நினைத்துக் குழம்பாதீர்கள். வாரிய அட்டை அரசுத் திட்டங்களுக்கு. ஆவணத்தில் பெயரும் பாலினமும் மாற்ற, கலெக்டர் சான்றிதழ்தான்.


பாம்பன் வாசல்
2024 செப்டம்பர் 10

முத்திரைத்தாள் சொன்னதோடு சேர்த்து ஒன்று. பெயர் மாற்ற அரசிதழ் கட்டாயம் வேண்டும், அதை விட்டுவிட்டீர்களே. அரசிதழ் இல்லாமல் வங்கியில் சீந்தக்கூட மாட்டார்கள்.


முத்திரைத்தாள்
2024 செப்டம்பர் 10

கட்டாயம் இல்லை, பாம்பன் வாசல். சட்டத்தின் பிரிவு 7இலேயே இருக்கிறது: அடையாளச் சான்றிதழ் பெற்றவருக்குப் பிறப்புச் சான்றிதழிலும் மற்ற ஆவணங்களிலும் முதல் பெயரை மாற்றிக்கொள்ள உரிமை உண்டு. ஆவணம் கொடுத்த அலுவலகம் விண்ணப்பித்த 15 நாளுக்குள் மாற்றித் தர வேண்டும் என்று விதிகளும் சொல்கின்றன.

ஆனால் நீங்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. சட்டம் ‘முதல் பெயர்’ என்றுதான் சொல்கிறது. தகப்பனார் பெயரின் இனிஷியலை எடுத்துவிட்டு குரு அம்மா இனிஷியலைப் போடுவது முதல் பெயர் மாற்றம் ஆகாது. அதைத்தான் செய்யப்போகிறாள் என்றால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்புத் தேவைப்படும். சென்னை அண்ணா சாலையில் உள்ள எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்கு விண்ணப்பம். இதழ் புதன்கிழமைகளில் வரும். வந்ததும் ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்து, மூலப் பிரதி நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

என் கருத்து: தங்கையிடம் இதை உட்கார்ந்து பேசுங்கள். குரு அம்மா மீது வைத்த பாசத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, அந்த உறவுதான் பலருக்குக் கூரையாக இருந்திருக்கிறது. ஆனால் மார்க் ஷீட், பான், ரேஷன் எல்லாவற்றிலும் தகப்பனார் பெயர் தனிக் கட்டமாக இருக்கும். இனிஷியல் மட்டும் வேறாக இருந்தால் போகிற இடமெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டிவரும். பெயரை முதலில் முடித்துவிட்டு, இனிஷியலைப் பிறகு அரசிதழ் வழியாகச் செய்யலாம். ஆதாரில் பெயருக்கு 2 வாய்ப்பு இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.


பாம்பன் வாசல்
2024 செப்டம்பர் 10

சரி, ஒத்துக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த பக்கத்தைச் சொல்கிறேன்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் ஆதார். கருவாட்டுக் கொட்டகை வேலை என்றீர்கள். உப்பிலும் ஈரத்திலும் கிடக்கிற கை, பாசி எடுக்கிற கை, வலை இழுக்கிற கை எல்லாவற்றிலும் ரேகை தேய்ந்திருக்கும். மையத்தில் விரலை வைத்தால் மெஷின் ஏற்காது. வெறும் பெயர், பாலினம் திருத்தத்துக்கு ஒரு கட்டணம். கைரேகை, கருவிழி, புகைப்படத்தையும் புதுப்பித்தால் கொஞ்சம் கூடுதல் கட்டணம், அதற்குள்ளேயே பெயர்த் திருத்தமும் அடங்கும். கூடுதலைக் கட்டியே செய்யுங்கள். பழைய முகமும் போய்விடும், ரேகையும் புதிதாகும். போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து உப்பில் கை வைக்காமல், தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருந்தால் ரேகை ஓரளவு எழும்.

ஆபரேட்டர் ஆங்கிலத்தில் அடிப்பார், தமிழ் தானாக வந்து விழும். அங்கேதான் கவனம். ‘கனி’ என்பது ‘கணி’ ஆகிவிடும், ‘மொழி’ ‘மொலி’ ஆகிவிடும், ‘வள்ளி’ ‘வல்லி’ ஆகிவிடும். உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கும் திரையில் ன, ண, ல, ள, ழ, ர, ற இந்த ஏழு எழுத்தையும் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் சரி சொல்லுங்கள். ரசீதிலும் இன்னொரு தடவை. இந்தப் பிழையைத் திருத்தப் போனால் பெயருக்கான இரண்டாவது வாய்ப்பும் காலி.

ஆதாரோடு இணைத்த செல் நம்பர் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சிம்மை மாற்றிவிட்டால் ஓ.டி.பி. எங்கோ போகும்.

ரேஷன் கார்டு: பெற்றோர் கார்டிலேயே இருக்கப்போகிறாளா, தனிக் கார்டா என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதிலேயே இருப்பதென்றால் பெயர், படத்தோடு ‘மகன்’ என்ற உறவையும் ‘மகள்’ என்று மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் விட்டால் பெயர் மாறி உறவு மாறாமல் நிற்கும். தனிக் கார்டு என்றால் முதலில் பழைய கார்டில் பெயர் நீக்கம், அந்த நீக்கச் சான்றோடு புது விண்ணப்பம். உங்களுக்கு ராமேஸ்வரம் வட்ட வழங்கல் அலுவலகம்.

இங்கே கடற்கரைக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் குடும்பக் கணக்கில்தான் வரும். 5000 ஆக இருந்ததை 8000 ஆக்கும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் நம்ம மண்டபம் மீனவர் மாநாட்டில்தான் வந்தது. கார்டைப் பிரிக்கும் வேலையைத் தடைக்காலத்தை ஒட்டி வைத்துக்கொள்ளாதீர்கள். கணக்கெடுக்கிற நேரத்தில் பெயர் அங்கிட்டும் இல்லாமல் இங்கிட்டும் இல்லாமல் நின்றுவிடும். தை மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8. பெயர், பாலினம், படம் மூன்றையும் ஒரே படிவத்தில் மாற்றலாம்.


வாலிநோக்கம் கயல்
2024 செப்டம்பர் 11

திருநம்பிகளுக்காகவும் (பிறப்பில் பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவர்கள்) ஒரு வார்த்தை, யாரும் பேசுவதில்லை. நடைமுறை அதேதான், படிவமும் அதேதான். ஆனால் படகில் போகிறவர்கள் மீனவர் பயோமெட்ரிக் அட்டையை முன்னால் கொண்டுவர வேண்டும். கடலில் கடலோரக் காவல் படை ஏறிப் பார்த்தால் காட்டுவது அதைத்தான். ஹார்மோன் ஊசி போட்டு 1 வருஷத்தில் குரல் இறங்கி, மீசை தாடி வந்திருக்கும். அட்டையில் ஒரு பெண்ணின் படமும் பெயரும் இருக்கும். எல்லைக்குப் பக்கத்தில் மீன் பிடிக்கிற நம் கடலில், அட்டையும் ஆளும் பொருந்தவில்லை என்றால் படகில் இருக்கிற எல்லாருக்கும் தொல்லை. ஆகவே ஆதார் திருத்தம் முடிந்த மறுநாளே, உங்கள் பகுதி மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கலெக்டர் சான்றிதழ், புது ஆதார், பழைய அட்டை மூன்றையும் வைத்துத் திருத்த மனு கொடுத்துவிடுங்கள். புது அட்டை வரும் வரை சான்றிதழ் நகலையும் மனு ரசீதையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கூடவே வைத்திருங்கள்.

மீனவர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் அதிலும் தனியாக மாற்ற வேண்டும். ஒன்றில் மாற்றினால் இன்னொன்றில் தானாக மாறாது.


உப்புக்காற்று
2024 செப்டம்பர் 11

எல்லாருக்கும் மனசார நன்றி. இரண்டு சந்தேகம் மிச்சம். தங்கைக்குக் கடைசியில் ‘பெண்’ என்றுதான் வேண்டும், ‘திருநர்’ என்று இல்லை. ஹார்மோன் மட்டும் எடுக்கிறவளுக்கு அந்தப் பிரிவு 7 கிடைக்குமா? பான் கார்டை எப்போது மாற்றுவது?


முத்திரைத்தாள்
2024 செப்டம்பர் 12

நல்ல கேள்வி. இதைத் தெரிந்துகொள்ளாமல் பல பேர் பாதியில் நின்றிருக்கிறார்கள்.

பிரிவு 7 ‘அறுவை’ என்று பேசுகிறது. ஆனால் 2020 விதிகளில் ‘மருத்துவ இடையீடு’ என்பதற்கு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். ஆலோசனை, ஹார்மோன் சிகிச்சை, அறுவை எல்லாம் அதில் அடங்கும், ‘இவை மட்டுமே அல்ல’ என்றும் இருக்கிறது. ஆகவே ஹார்மோன் சிகிச்சைக்கான சான்றை வைத்தே படிவம் 1ஐ மறுபடியும் போட்டுத் திருத்திய சான்றிதழ் கேட்க உங்களுக்கு இடம் உண்டு. மருத்துவமனைச் சான்றோடு போட்ட விண்ணப்பத்துக்குக் கலெக்டருக்கு 15 நாள் கெடு. அலுவலகங்கள் அறுவைத் தாளையே எதிர்பார்க்கிற பழக்கம் இருப்பதால், இந்த விளக்கத்தைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் இணைத்துவிடுங்கள்.

சான்று சிகிச்சை நடந்த அதே மருத்துவமனையிலிருந்து வர வேண்டும். புறநோயாளிச் சீட்டில் டாக்டர் எழுதிக் கொடுத்தது போதாது, கண்காணிப்பாளர் அல்லது தலைமை மருத்துவ அலுவலர் கையெழுத்து, அலுவலக முத்திரை, தேதி மூன்றும் இருக்க வேண்டும். ஒரு வருஷச் சீட்டுகளை இப்போதிருந்தே கோத்து வையுங்கள். தாயம்மா (மூத்த திருநங்கை) கையால் நிர்வாணம் (மருத்துவமனைக்கு வெளியே செய்யும் உறுப்பு நீக்கம்) ஆனவர்களுக்கு இப்படி ஒரு தாளும் இருக்காது. அவர்களும் அரசு மருத்துவமனையில் ஹார்மோன் சிகிச்சையில் சேர்ந்து, அந்தச் சான்றை வைத்துக் கேட்கும் வழி இருக்கிறது. வழியே இல்லை என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

இப்போது ஆதார் வரிசை உங்களுக்குப் புரிந்திருக்கும். பிரிவு 7 சில மாதத்தில் கிடைத்துவிடும் என்று தெரிந்தால், 6ஐ வைத்து ஆதாரில் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு, பாலினத்தைத் தொடாமல் நிறுத்துங்கள். 7 வந்ததும் அந்த ஒரே வாய்ப்பில் நேராக ‘பெண்’. 7 எப்போது வரும் என்று தெரியாத நிலை என்றால் காத்துக் கிடக்க வேண்டாம், திருநர் என்றே மாற்றிவிடுங்கள். ‘ஆண்’ என்று போட்ட அட்டையை நீட்டி நீட்டி ஒவ்வொரு இடத்திலும் கூசி நிற்பதைவிட, பின்னால் ஒரு தடவை 1947இல் அலைவது எவ்வளவோ மேல்.

பான் ஆதாருக்குப் பிறகுதான். பான் படிவத்தில் 2018 முதல் திருநர் என்ற தனிக் கட்டம் உண்டு. கலெக்டர் தரும் அடையாளச் சான்றிதழைப் பானுக்கு ஏற்கலாம் என்று மத்திய அரசு 2024 ஆகஸ்டில்தான் உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அட்டையோடு சேர்த்துத் திருத்தக் கட்டணம் 107 ரூபாய். பானில் இனிஷியல் ஏறாது, தகப்பனார் பெயரை முழுதாக விரிக்க வேண்டும். ஆதாரிலும் அதே விரிவு, அதே ஆங்கில எழுத்து இருந்தால்தான் இரண்டும் இணையும். ஆங்கிலத்தில் ஒரு ‘எச்’ எழுத்து கூடக் குறைய இருந்தாலும் இணைப்பு நிற்கும். படிவம் 1 நிரப்பும் முன்பே அந்த ஆங்கில எழுத்துக்கோர்வையை ஒரு அட்டையில் எழுதி, எல்லா இடத்திலும் அதைப் பார்த்தே எழுதச் சொல்லுங்கள்.

மார்க் ஷீட் கடைசியில். படித்த பள்ளித் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டும், நாள் பிடிக்கும். பிறப்புப் பதிவில் பழைய பதிவை அடிக்க மாட்டார்கள், ஓரத்தில் திருத்தம் எழுதுவார்கள். பாஸ்போர்ட் தேவைப்பட்டால் விவர மாற்றத்தோடு மறு வழங்கல், நமக்கு மதுரை மண்டல அலுவலகம்.


பாம்பன் வாசல்
2024 செப்டம்பர் 12

வங்கியையும் சொல்லிவிடுகிறேன். புது ஆதாரை எடுத்துப் போய்ப் பெயர் மாற்றும்போது, அந்தக் கணக்கு ஆதாரோடு இன்னும் இணைந்திருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். அரசுப் பணம் கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் போகும். பழைய பெயரில் எப்போதோ திறந்து மறந்துபோன கணக்கு ஒன்று இருந்தால், பணம் அங்கே போய் உட்காரும்.

சான்றிதழ் வந்ததும் 10 நகல் எடுத்துவிடுங்கள். மூலத்தை எந்த மேசையிலும் விட்டுவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லேமினேஷனும் செய்யாதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்துவிட்டு, அப்புறம் அதன் மேல் முத்திரை வைக்க முடியாமல் திரும்புகிறார்கள். நம் ஊர் ஈரத்துக்குச் சாதா பிளாஸ்டிக் கோப்பும், உள்ளே இரண்டு வெற்றுத்தாளும் போதும்.


உப்புக்காற்று
2024 செப்டம்பர் 12

குறித்துக்கொண்டோம். தங்கையே பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கில எழுத்துக்கோர்வையை அட்டையில் எழுதிவிட்டாள். இனிஷியல் இப்போதைக்கு அப்பா பெயரிலேயே இருக்கட்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். நாளைக்கு நோட்டரி.